பிள்ளைகள் பிறக்கும் மாதங்கள்

(யூபிலி விழாக் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலிக் கருத்தரங்கு என்றால் கோவில் கட்டிய வரலாறு, கொடிமரம் நாட்டிய வரலாறு, மணி வந்த வரலாறு ஆகியவற்றைப் பேசுவதே வழக்கம். நமக்கு முன் பேசிய பெரியோர்கள் அவற்றை நன்றாகவே பேசிவிட்டார்கள். ஆகவே நாம் வேறொன்றை எடுத்துக்கொள்கிறோம். கிராமங்களில் பிள்ளைகள் ஆண்டின் எந்த மாதங்களில் மிகுதியாகப் பிறக்கிறார்கள், எந்த மாதங்களில் குறைவாகப் பிறக்கிறார்கள், அதற்குக் காரணம் என்ன என்பதே நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"பிள்ளை இறைவன் கொடுப்பது. அதற்குப் போய் மாதக் கணக்குப் பார்ப்பானேன்?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கொடை இறைவனுடையதுதான். ஆனால் அதைச் சுமக்கிறவள் ஒரு பெண். அவள் சுமக்கும் மாதங்களில் வயலில் வேலை எவ்வளவு, அடுக்குப் பானையில் அரிசி எவ்வளவு, வெயில் எப்படி என்பவையெல்லாம் மனிதர்கள் அறிந்திருக்கவேண்டிய காரியங்கள். அவற்றை அறியாததால் இறந்துபோன பச்சைக் குழந்தைகள் உலகெங்கும் கணக்கற்றவர்கள்.

இந்த ஆராய்ச்சிக்கு வித்தாக அமைந்தவை நம்முடைய பங்குப் பதிவேடுகளே என்பதை அறிந்தால் நீங்கள் வியப்பீர்கள். திரிதெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டில், திருமணங்களையும் திருமுழுக்கின் ஞானப்பெற்றோரையும் குருவானவர் ஏட்டில் எழுதிவைக்கவேண்டும் என்று பணித்தது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும் சேர்த்து ஐந்து வகை ஏடுகளை வகுத்துக் கொடுத்தது. இங்கிலாந்தில் 1538-லேயே தாமஸ் குரோம்வெல் என்ற அமைச்சரின் ஆணையால் இத்தகைய ஏடுகள் தொடங்கிவிட்டன. இவற்றை எழுதியவர்கள் ஆராய்ச்சிக்காக எழுதவில்லை. யார் யாருக்கு உறவு, யார் ஏற்கெனவே மணமானவர் என்பது தெரியவேண்டும். களவுத் திருமணங்கள் ஒழியவேண்டும். அவ்வளவுதான் நோக்கம். இலத்தீனில் 'நாத்துஸ்' என்று பிறந்த நாளையும் 'பாப்டிசாத்துஸ்' என்று திருமுழுக்கு நாளையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிவைத்த அந்தக் குருக்கள், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த வரிகளை ஒருவர் எண்ணிப் பார்ப்பார் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

எண்ணிப் பார்த்தார்கள். லூயி வில்லெர்மே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1831-லேயே மாதவாரியாகக் கருவுறுதலையும் பிறப்பையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னர் லூயி ஹென்றி என்பவர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தனித்தாள் போட்டு, திருமணம், திருமுழுக்கு, அடக்கம் மூன்றையும் அதில் கோத்து எழுதும் முறையை வகுத்தார். நார்மண்டிப் பகுதியில் குருலே என்ற சிறு பங்கின் ஏடுகளைக் கொண்டு அவரும் எத்தியேன் கோத்தியேயும் எழுதிய நூல் 1958-இல் வந்தது. இங்கிலாந்தில் ரிக்லி, ஸ்கோஃபீல்டு என்ற இருவர் 404 பங்குகளின் ஏடுகளைத் திரட்டி 1981-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்கள்.

எண்ணுவதிலும் எச்சரிக்கை வேண்டும். திருமுழுக்கு நாள் பிறந்த நாளாகிவிடாது. பழங்காலத்தில் இரண்டொரு நாளில் திருமுழுக்குக் கொடுத்தார்கள்; ஆகவே பெரிய பிழை வராது. பிற்காலத்தில் தள்ளிப்போடும் வழக்கம் வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழை நம்புவதோ அதைவிட மோசம். முன்னாட்களில் தலைமையாசிரியர்கள், ஜூன் மாதத்தில் பிள்ளையைச் சேர்க்க வயது கூடிவரவேண்டுமே என்று, கூசாமல் மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். அந்தச் சான்றிதழ்களைக் கொண்டு கணக்கெடுத்தால் நம் வட்டாரமே வைகாசியில் பிறந்ததாக முடியும்! இங்கே சிரிக்கிறவர்களில் பலருக்கு இரண்டு பிறந்தநாள் உண்டென்பது நமக்குத் தெரியும். 1969-இல் வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று ஆனபிறகு இந்தக் குழப்பம் மெல்லக் குறைந்தது.

சரி, அந்த ஐரோப்பிய ஏடுகள் என்ன சொல்கின்றன? வேளாண்மை செய்து வாழ்ந்த பழைய ஐரோப்பியக் கிராமங்களில் சனவரி முதல் மார்ச்சு வரை பிறப்புகள் மிகுதி. ஜூன், ஜூலையில் குறைவு. நம் பாட்டிமார் 'பத்து மாதம்' என்று சொல்லுவது 28 நாள் கொண்ட நிலவு மாதக் கணக்கு. கடைசித் தீட்டிலிருந்து 280 நாள். கரு உருவான நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 266 நாள். அதாவது ஒன்பது மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே சனவரி முதல் மார்ச்சு வரை பிறந்த பிள்ளைகள் ஏப்ரல் முதல் ஜூன் வரை கருவானவர்கள்; வசந்தகாலப் பிள்ளைகள். ஜூன், ஜூலையில் பிறப்பு குறைவு என்றால், அறுவடை நடந்து களம் நிரம்பி, ஆணும் பெண்ணும் இடுப்பொடிய உழைத்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கருவுறுதல் குறைவு என்று பொருள்.

இங்கே குருக்களாகிய நமக்கு ஒரு கேள்வி எழும். தவக்காலமும் திருவருகைக்காலமும் இதில் பங்கு வகிக்கவில்லையா? திரிதெந்துச் சங்கம், திருவருகைக்காலத் தொடக்கம் முதல் மூவிராசாக்கள் திருநாள்வரைக்கும், விபூதிப் புதன் முதல் பாஸ்கு எட்டாம் நாள்வரைக்கும் ஆடம்பரத் திருமணங்களை விலக்கியது. கத்தோலிக்க நாடுகளின் திருமண ஏடுகளைப் பார்த்தால் மார்ச்சிலும் டிசம்பரிலும் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கும். ஆனால் பிறப்பு ஏட்டில் அதன் சுவடு மெல்லியது. தவக்காலத்தில் கருவுறுதல் குறைந்ததனால் டிசம்பர்ப் பிறப்பில் ஒரு சிறு பள்ளம் பிரான்சிலும், பிரெஞ்சுக்காரர் குடியேறிய கியூபெக்கிலும் தெரிகிறது. திருமண மாதமோ தலைப்பிள்ளையை மட்டுமே ஓரளவு தீர்மானிக்கும். அடுத்தடுத்த பிள்ளைகளைத் தீர்மானிப்பதில்லை. ஆக, குருவானவரின் பிரசங்கத்தைவிடக் கதிர் அரிவாளுக்கே வலிமை அதிகமாக இருந்திருக்கிறது. இதில் நமக்கு வருத்தமில்லை. உண்மை அதுவானால் அதுவே.

அறுவடை எப்படிக் கருவைத் தடுக்கும்? களைத்துப்போனவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது ஒரு பங்குதான். தென் போலந்தில் மலையடிவாரக் கிராமங்களில், நம்மைப்போலவே கோவிலும் வயலுமாக வாழும் பெண்களின் உமிழ்நீரைக் கோடையிலும் மற்ற மாதங்களிலும் எடுத்துச் சோதித்தார்கள். கிராசீனா யாசியென்ஸ்கா என்ற அம்மையாரும் பீட்டர் எல்லிசன் என்பவரும் 1998-இல் வெளியிட்ட முடிவு இது: வயல்வேலை கடுமையாக இருக்கும் மாதங்களில், கருவைத் தாங்குவதற்கு உடல் சுரக்கும் புரொஜெஸ்ட்ரோன் என்ற சுரப்பு குறைந்துவிடுகிறது. அந்தப் பெண்கள் பட்டினி கிடக்கவில்லை, எடை குறையவுமில்லை. வெறும் உழைப்பே போதுமாக இருந்தது. ஆப்பிரிக்காவின் இதூரிக் காட்டில், பயிர் விளையுமுன் பட்டினி வந்து பெண்களின் எடை குறையும்போது கருமுட்டை முதிர்வதே குறைகிறது என்பதையும் எல்லிசனும் அவருடைய தோழர்களும் முன்னரே கண்டிருந்தார்கள். "பிள்ளை இல்லை" என்று மருமகளைக் கோவில் கோவிலாக இழுத்துக்கொண்டு போகும் மாமியார்மார், அவள் தலையில் எத்தனை கட்டு நெல் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நெல் விளையும் நாடு என்ற முறையில் நமக்கு நெருக்கமானது வங்காளதேசம். அங்கே மத்லாப் என்னும் வட்டாரத்தில் 1966 முதல் வீடுவீடாகப் பிறப்பும் இறப்பும் பதிவாகின்றன. ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அங்கே பிறப்புகள் மிகுதி. பின்னோக்கி எண்ணினால், சனவரி முதல் மார்ச்சு வரையான குளிர்காலக் கருக்கள். நவம்பர், டிசம்பரில் ஆமன் நெல் அறுவடை முடிந்து வயிறு நிறைந்திருக்கும் வேளை அது. அதோடு நுட்பமான இன்னொரு காரணமும் உண்டு. தாய் இடைவிடாமல் பாலூட்டும்வரை அவளுக்குத் தீட்டு திரும்புவது பெரும்பாலும் தாமதமாகும். அறுவடைக் காலத்தில் அவளுக்கு நெல் அவிக்கவும் குத்தவும் ஓயாத வேலை. கைக்குழந்தைக்குச் சோறு மசித்துக் கொடுக்கவும் இப்போது வழியுண்டு. பால் குடிப்பது குறைகிறது; தீட்டு திரும்புகிறது; அடுத்த கரு அமைகிறது. ஒரே பருவத்தில் பல வீடுகளில் இவ்வாறு நிகழ்வதால் பிறப்புகளும் ஒரே பருவத்தில் குவிகின்றன.

வெப்பமும் ஒரு காரணம். அமெரிக்காவில் தென் மாநிலங்களில் வசந்தகாலப் பிறப்புகள் மற்ற மாநிலங்களைவிட அதிகமாகக் குறைந்தன. முந்தைய கோடையின் சூட்டில் கருவுறுதல் குறைந்ததே காரணம். நாள் சராசரி வெப்பம் ஏறக்குறைய 27 பாகையைத் தாண்டும் ஒவ்வொரு நாளும், எட்டு முதல் பத்து மாதம் கழித்துப் பிறப்புகளைச் சிறிது குறைக்கிறது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வீடுகளில் குளிரூட்டும் வசதி வந்தபின் அந்தப் பாதிப்பு தணிந்தது என்றும் அதே ஆய்வு கூறுகிறது.

இதுவரை சொன்னவை செய்தி. இனிச் சொல்லப்போவதுதான் நாம் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம். அறுவடைக்குப் பின் வயிறு நிறைந்தபோது உருவான கரு, ஒன்பது மாதம் கழித்து எங்கே வந்து நிற்கிறது? அடுத்த அறுவடைக்குச் சற்று முன்னே! பழைய நெல் தீர்ந்து புது நெல் வராத வேளை, மழைக்காலம், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பரவும் காலம், நாற்று நடவும் களையெடுப்பும் பெண்களின் முதுகில் ஏறும் காலம். மத்லாபில் பிறப்புகள் குவியத் தொடங்குவது, நம் புரட்டாசி, ஐப்பசியை ஒத்த பஞ்ச மாதங்களில். ராபர்ட் சேம்பர்ஸ் முதலான அறிஞர்கள் 1978-இல் கூடிப் பேசி, 1981-இல் நூலாகவும் வெளியிட்ட கருத்து இதுவே: ஏழை நாட்டுக் கிராமங்களில் பசி, நோய், வேலைப்பளு, கடன் ஆகியவை ஒரே பருவத்தில் கைகோத்து வருகின்றன, பல இடங்களில் பேறுகாலமும் அதே பருவத்தில் வந்து விழுகிறது. ஆண்டுச் சராசரியைப் பார்க்கும் அதிகாரிக்கு இது கண்ணில் படாது. ஆண்டுக்கு இத்தனை மூட்டை நெல், தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார். ஐப்பசியில் பானை காலியாக இருப்பதைத் தை மாத நெல் நிரப்புமா?

இதை மிகத் தெளிவாகக் காட்டியது மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டுக் கேனபா என்னும் சிற்றூர். 1949 முதல் அங்கே மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் பிறப்பு இறப்புகளைக் குறித்துவந்தார்கள். மழைக்காலப் பஞ்சத்தில் பிறந்த குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. அதோடு முடியவில்லை. பஞ்ச காலத்தில் பிறந்தவர்கள் 25 வயதைத் தாண்டியபின் இறக்கும் வாய்ப்பு, விளைச்சல் காலத்தில் பிறந்தவர்களைவிடப் பத்து மடங்களவு இருந்தது என்று 1997-இல் வெளியிட்டார்கள். அதே பெரிய வேறுபாட்டை வங்காளதேசத்திலும் செனகலிலும் தேடியபோது காணவில்லை. ஆகவே அதை எல்லா ஊருக்கும் பொருத்துவது சரியாகாது. ஆனால் அவர்கள் செய்த இன்னொரு காரியத்தைப் பாருங்கள். 28 ஊர்களில் கர்ப்பிணிகளுக்கு நிலக்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலெண்ணெய் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டுகளை ஐந்தாம் மாதம் முதல் நாள்தோறும் கொடுத்தார்கள். விளைச்சல் காலத்தில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 94 கிராம் கூடியது. பஞ்ச காலத்தில் பிறந்தவர்களுக்கோ 201 கிராம் கூடியது! செத்துப் பிறப்பதும் முதல் வாரத்தில் இறப்பதும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இதுவும் 1997-ஆம் ஆண்டுச் செய்திதான். விண்மீன் மாறவில்லை, மாதம் மாறவில்லை; ஒரு கை கடலை மாவு மாற்றியது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. பூனா நகரை அடுத்த ஆறு கிராமங்களில் 1990-களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தத் தாய்மாரின் சராசரி எடை 42 கிலோவுக்கும் குறைவு! கீரையும் பழமும் பாலும் அடிக்கடி உண்டவர்களின் குழந்தைகள் சற்றுப் பெரியவையாகப் பிறந்தன. கடும் வேலை செய்தவர்களின் குழந்தைகள் சிறுத்துப் பிறந்தன.

திருச்சபையின் சொந்தக் கணக்கிலும் ஒரு சோகமான பக்கம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலியில் வெனேத்தோ பகுதியில் குளிர்காலத்தில் பிறந்த பச்சைக் குழந்தைகள் மிகுதியாக இறந்தன. கோடையில் பிறந்தவை பிழைத்தன. வறுமை, கணப்பு இல்லாத வீடு, சத்தில்லாத தாய் எனக் காரணங்கள் பல. அவற்றோடு, பிறந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, உறைபனியில் குழந்தையைக் கோவிலுக்குத் தூக்கிச் சென்று திருமுழுக்குக் கொடுத்ததும் ஒரு காரணமோ என்று அறிஞர்கள் இன்றளவும் விவாதிக்கிறார்கள். முன்னே சொன்ன வில்லெர்மே, மில்ன் எத்வார் என்பவரோடு சேர்ந்து 1829-லேயே, பதிவுக்காகக் குழந்தையைக் குளிரில் நகராட்சி அலுவலகத்துக்குத் தூக்கிச் செல்வது ஆபத்தானது என்ற பொருளில் எழுதினார். 'உடனடியாக' என்று பழைய சட்டம் சொன்ன இடத்தில், 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 'முதல் சில வாரங்களுக்குள்' என்று கூறுகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டிலேயே யாரும் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பதை நாம் மறைக்கல்வியிலேயே படித்திருக்கிறோம். ஆகவே மார்கழிப் பனியில் மூன்று நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலைப் பூசைக்கு ஓடிவரும் பாட்டிமாருக்கு ஒரு வேண்டுகோள்: பொறுமை. நாம் எங்கும் போய்விடமாட்டோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆடி பிறந்தால் சீர் கொண்டுபோய்ப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது தமிழ்நாட்டு வழக்கம். பல ஊர்களில் நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. காரணம் கேட்டால், "ஆடியில் கூடினால் சித்திரையில் பிள்ளை" என்பார்கள். கணக்கு மிகச் சரியானது. ஆடி முதல் நாள் ஜூலை 17 என்று வைத்து 266 நாள் கூட்டினால் ஏப்ரல் 9. ஆடிக் கடைசி ஆகஸ்டு 16 என்றால் மே 9. பங்குனிக் கடைசி முதல் சித்திரைக் கடைசிவரை என்று அப்படியே வந்து விழுகிறது. படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கும் நம் முன்னோர்கள் விரல்விட்டு எண்ணிய கணக்கு இது. காரணத்திலும் நியாயம் இருந்தது. மின்விசிறி இல்லாத காலம். கிணறுகள் வற்றி, நீர் கெட்டு, அம்மை வார்க்கும் மாதங்கள். பேறு பார்ப்பதோ காற்றுப் புகாத உள்ளறையில். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழிப்படி ஆடியில் வயலிலும் கை வேண்டும். இது முழுதும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தப் பிரிவெல்லாம் தலையாடிக்கு மட்டுமே. இரண்டாம் பிள்ளைக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் எந்த மாமியாரும் சீர்வரிசையோடு வந்து அழைத்துப்போவதில்லை. சித்திரை அப்போதும் அதே சித்திரைதானே!

நம் மனத்தை வருத்துவது வேறு. நியாயமான ஓர் எச்சரிக்கை காலப்போக்கில் பழிச்சொல்லாக மாறிவிட்டது. "சித்திரையில் ஆண்பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது," "குடும்பம் தெருவில் நிற்கும்" என்று பேச்சு. வீட்டில் மாடு செத்தாலும், கடன் ஏறினாலும், தகப்பனுக்குக் காய்ச்சல் வந்தாலும், தொட்டிலில் கிடக்கும் சிசுவின் தலையில் பாரம். ஆடி மாதத்தில் கணவனோடு இருந்தாள் என்பதற்காகப் பெற்றவளுக்கு வாழ்நாள் முழுவதும் ஏச்சு. இதே தமிழ்நாட்டில்தான், "சித்திரை மாதத்தில் பிறந்த சீர்கேடனும் இல்லை, ஐப்பசி மாதத்தில் பிறந்த அதிர்ஷ்டவானும் இல்லை" என்ற பழமொழியும் வழங்குகிறது. ஏச வருகிறவர்கள் முதல் பழமொழிக்காரர்களாகவும், ஏச்சு வாங்குகிறவர்கள் இரண்டாம் பழமொழியை அறியாதவர்களாகவும் இருப்பதுதான் கொடுமை.

பிறந்த மாதத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஆனால் சோதிடர் சொல்லும் வகையில் அன்று. காப்ரியேலே தோப்லாமர், ஜேம்ஸ் வௌபெல் என்ற இரு அறிஞர்கள் 2001-இல் இதை நேர்த்தியாக நிறுவினார்கள். டென்மார்க்கிலும் ஆஸ்திரியாவிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை பிறந்தவர்களைவிடச் சராசரியாகச் சில மாதங்கள் கூடுதலாக வாழ்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலோ இது தலைகீழ். சரியாக ஆறு மாதம் மாறி வருகிறது. அங்கே நமக்குக் கோடை என்றால் அவர்களுக்குக் குளிர் அல்லவா? இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறி அங்கேயே இறந்தவர்களைப் பார்த்தால், அவர்கள் பிறந்த நாட்டுக் கணக்கையே பின்பற்றுகிறார்கள். கோள்களின் செயல் என்றால் ஒரே மாதத்தில் பிறந்தவர்களுக்கு இரு நாட்டிலும் ஒரே பலன் கிடைத்திருக்கவேண்டும். கிடைக்கவில்லை. கருவிலும் முதல் ஆண்டிலும் அந்தந்தப் பருவத்தில் தாய் உண்ட உணவும், தாக்கிய நோயும் விட்டுச்சென்ற தழும்பு அது. தழும்பைத் தடுக்கலாம். கோளை என்ன செய்வது?

மாதத்துக்குப் பயந்தவர்கள் இப்போது மணிக்கும் நிமிடத்துக்கும் பயந்து, நல்ல நேரம் குறித்துக் கொடுத்து வயிற்றைக் கிழிக்கச் சொல்லுகிறார்கள். 39 வாரம் நிறையாமல் அவசரப்பட்டு எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவர்கள் அறிந்தது. இதற்குமேல் இதைப்பற்றி இங்கே பேசவேண்டாம். திருமணத் தயாரிப்பு வகுப்பில் பேசுவோம்.

சித்திரைக்குப் பயப்பட ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், பயம் வேண்டாம், கவனம் வேண்டும் என்போம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. உள்ளறைப் பேறுகாலம் ஒழிந்தது. இதற்கு அரசையும் நம் கிராமச் செவிலியரையும் பாராட்டவேண்டும். ஆனால் பேறு நடக்கும் ஒரு நாள்தான் மருத்துவமனையில். மற்ற 265 நாளும் வயலில், சூளையில், உப்பளத்தில். சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-இல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து, அவ்வாறு வேலை செய்யாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. "ராசியில்லாதவள்" என்று நாம் பெயர் சூட்டிய எத்தனை பெண்கள் உண்மையில் வெயிலில் நின்றவர்கள்?

ஆகவே நடைமுறைக்குச் சில காரியங்கள். நம் பங்கில் நிலம் வைத்திருப்பவர்கள் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். பங்குனி முதல் வைகாசி வரை, கர்ப்பிணி ஒருத்தி உங்கள் வேலைக்கு வந்தால் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு அனுப்பிவிடுங்கள். கூலியைக் குறைக்காமல் அனுப்புங்கள். குடிக்கும் தண்ணீர்க் குடம் வரப்பின் கடைக்கோடியில் இருக்கவேண்டாம். நிழலில், அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கணவன்மார் இந்த மாதங்களிலாவது தண்ணீர்க் குடத்தைத் தாங்களே தூக்கலாம். மீசைக்கு ஒரு குறைவும் வராது.

கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள் நாலைந்து பேர், நம் திருமுழுக்கு ஏட்டிலிருந்து பிறந்த மாதங்களை எண்ணிப் பார்க்க விரும்பினால் அறை வீட்டில் நம் முன்னிலையில் உட்கார்ந்து எண்ணலாம். பெயர் எதையும் எழுதிக்கொள்ளக் கூடாது, மாதம் மட்டும். பழைய இலத்தீன் எழுத்தை வாசிக்க நாம் உதவுகிறோம். எந்த மாதங்களில் பேறுகள் குவிகின்றன என்பது தெரிந்தால், எந்த மாதங்களுக்கு முன்பே ஆயத்தமாக வேண்டும் என்பதும் தெரியும்.

இறுதியாக வின்சென்ட் தே பவுல் சபையாருக்கு ஒன்று. ஆண்டுதோறும் கிறிஸ்மஸுக்கு ஏழைகளுக்கு அரிசியும் சேலையும் கொடுக்கிறீர்கள். நல்லது. ஆனால் கிறிஸ்மஸ் வரும்போது தை அறுவடைக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கும். அதற்குள் கடன் வாங்கிச் சமாளித்துவிட்டிருப்பார்கள். மழையில் கூலி வேலை நின்று, பழைய நெல்லும் தீர்ந்த ஐப்பசி, கார்த்திகையில் அல்லவா பானை காலி? அரிசியின் பாதியை அப்போதே கொடுத்துவிடலாம் என்று நாம் கூறினோம். பொருளாளர், "திருநாளுக்குத்தானே சாமி நன்கொடை வருகிறது?" என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஆகவே இந்த யூபிலி உண்டியலில் மிஞ்சியதை அதற்கு முதலாக ஒதுக்கியிருக்கிறோம். ஐந்தாம் மாதம் தொடங்கிய தாய்மார், எந்தச் சமயத்தவராயினும், ஐப்பசி முதல் தேதியிலிருந்து பொங்கல்வரை வாரந்தோறும் கடலை உருண்டையும் அரிசியும் பெற்றுக்கொள்ளலாம். கடலை வறுத்து உருண்டை பிடிக்கக் கன்னியர் மடத்துச் சகோதரிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெல்லம் மட்டும் போதவில்லை. கொடுக்க விரும்புகிறவர்கள் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மடத்தில் கொடுக்கலாம். தாய்மார் சங்கத் தலைவியிடம் பெயரும் கணக்கு மாதமும் சொன்னால் போதும்.